குஞ்சு ஷெட்டின் வெளிச்சம்

ஹைதராபாத்
20-2-1983

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பிரித்ததும் முதலில் வந்தது கோழித் தீவன வாசனைதான். எங்கள் தீவனக் கம்பெனி ஆபீஸிலும் அதே வாசனை என்பதால் பக்கத்து மேஜைக்காரனுக்குத் தெரியவில்லை. நான் மட்டும் ஆலாந்தோட்டத்துக்கு ஒரு நடை வந்து திரும்பினேன்.

மச்சான் கேட்டதற்கு வருகிறேன். தீவனம் சரியாகப் போட்டும் முட்டை ஏறவில்லை என்கிறார். காரணம் தீவனம் இல்லை அக்கா, வெளிச்சம். கோழியின் கண் வழியாக மட்டுமல்ல, அதன் மண்டை வழியாகவே வெளிச்சம் உள்ளே போகிறது. போய், பகல் நீண்டுவிட்டது, முட்டையிடு என்று உத்தரவு போடுகிறது. கோழிக்கு அதில் வேறு வழியே கிடையாது. அதனால் முட்டை ஷெட்டில் சாயங்காலம் கொஞ்ச நேரமும், விடிவதற்கு முன்னால் கொஞ்ச நேரமும் பல்பு எரியட்டும். குஞ்சு ஷெட்டில் ராத்திரி முழுக்க எரிய வேண்டும். கரண்ட் போய் இருட்டானால் குஞ்சுகள் பயந்து ஒரு மூலையில் குவியும். அடியில் இருப்பதெல்லாம் மூச்சு முட்டிச் செத்துப்போகும்.

இதற்கு ஒரு ஆள் பக்கத்திலேயே படுத்திருக்க வேண்டும். படம் வரைந்து அனுப்பியிருக்கிறேன். இரண்டு ஷெட்டுக்கும் நடுவில் ஒரு அறை. இரண்டு பக்கமும் கம்பி வலை ஜன்னல், ஜன்னலுக்குக் கதவு வேண்டாம். படுத்தபடியே இரு பக்கமும் பார்க்கலாம். வெளிச்சம் போனால் உடனே விழித்து அரிக்கேன் ஏற்ற வேண்டும். அந்த அறைக்கு உன்னைவிடப் பொருத்தமான ஆள் உலகத்தில் இல்லை. சின்ன வயசில் நான் ராத்திரி இருமினால் அம்மாவுக்கு முன்னால் நீதானே எழுந்து உட்காருவாய்!

அத்தைக்கு என் வணக்கம். பாப்பாவுக்கு முத்தம்.

உன் தம்பி,
வேலுமணி

•

ஆலாந்தோட்டம், நாமக்கல்
3-7-1983

அன்புத் தம்பி வேலுமணிக்கு அக்கா எழுதுவது.

இங்கே மனிதர்களும் கோழிகளும் சுகம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் எழுதுவாய், அதனால் கேட்கவில்லை.

நீ சொன்னபடியே எல்லாம் செய்தாகிவிட்டது. முட்டை ஏறிவிட்டது. கேரளா போகும் லாரிக்காரர் முன்பு எங்களைக் காக்க வைப்பார். இப்போது வாசலில் வந்து ஹாரன் அடிக்கிறார். உன் மச்சானுக்கு உன் பேச்சு என்றால் வேதவாக்கு. சந்தையில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "என்ற மச்சினன் கோழிக்கே பகலு ராத்திரிய மாத்திக் குடுத்துப்போட்டான்" என்று பெருமை அடிக்கிறார்.

அறையும் நீ வரைந்த மாதிரியே இருக்கிறது. நானும் பாப்பாவும் படுக்கிறோம். உன் மச்சான் பாதி நாள் லாரியோடு போய்விடுகிறார். பாப்பா கவிழ்ந்து படுத்துத் தூங்கிவிடுகிறாள், குழந்தைதானே. எனக்குத்தான் இன்னும் பழகவில்லை. கண்ணை மூடினாலும் இமைக்குள்ளே சிவப்பாகவே இருக்கிறது. முந்தானையை மூஞ்சியில் போட்டுக்கொண்டால் மூச்சு முட்டுகிறது. கரண்ட் போனால் எழ வேண்டுமே என்ற நினைப்பில் காது வேறு தூங்க மாட்டேன் என்கிறது. கல்யாணமாகி வந்த புதிதில் மாட்டுக் கட்டுத்தரைப் பக்கம் படுத்துக் கட்டை போலத் தூங்கியவள் நான். இப்போது என்ன கேடு என்று தெரியவில்லை.

போன வாரம் குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். மாமியார் ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏஞ் சாமி, கடல்ல மொண்டு வந்தியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு சமையலறையில் நின்று ஏனோ அழுகை வந்தது. உப்புக்கு யாராவது அழுவார்களா?

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. குஞ்சு ஷெட்டுப் பக்கம் இருக்கும் ஜன்னலுக்கு மட்டும் ஒரு பலகை அடித்துக்கொள்ளலாமா? உன்னைக் கேட்காமல் உன் மச்சான் ஒரு ஆணிகூட அடிக்க மாட்டார்.

அய்யனுக்குக் கால்வலி தேவலை. உனக்குப் பெண் பார்க்கிறார்.

அக்கா,
சௌந்திரம்

•

ஹைதராபாத்
28-7-1983

அன்புள்ள அக்கா,

உப்புக் கதையை என் ரூமில் இருப்பவனுக்குச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தான்.

பலகை மட்டும் அடிக்காதே. வெளிச்சம் போனது உனக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தானே அந்த ஜன்னல். பலகை அடித்தால் நீ தூங்கிவிடுவாய். காலையில் கூடை கூடையாகச் செத்த குஞ்சை அள்ள வேண்டியிருக்கும். வெளிச்சத்தில் தூக்கம் வராது என்பதெல்லாம் மனப்பழக்கம். இங்கே ஊரே ட்யூப் லைட்டில்தான் கிடக்கிறது, யாருக்கு என்ன ஆகிவிட்டது? உனக்கு இரத்தம் குறைவாக இருக்கும். முருங்கைக் கீரை சாப்பிடு. நல்ல டானிக் ஒன்று எழுதியிருக்கிறேன், நாமக்கல்லில் கிடைக்கும்.

அய்யன் எழுதியிருந்தார். நம் திருச்செங்கோடு பக்கமே ஒரு பெண், பெயர் ராசாத்தி. போட்டோவில் நல்ல கண். உனக்குப் பிடித்தால்தான் எனக்குப் பிடிக்கும். இணைச்சீருக்கு நீ என் பக்கத்தில் நிற்பதை இப்போதே நினைத்துப் பார்க்கிறேன். கூறைச்சேலையின் ஒரு முனை உன் கையில், ஒரு முனை என் கையில். அம்மா இல்லாத குறை அன்றைக்குத் தெரியக்கூடாது.

தம்பி,
வேலு

•

ஆலாந்தோட்டம்
9-2-1984

அன்புத் தம்பிக்கு,

ராசாத்தியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். போட்டோவில் தெரிகிற கண் நேரில் இன்னும் நன்றாக இருக்கிறது. அவள் அம்மா பூவாத்தாள் வாய் ஓயாமல் பேசுகிறார், ஆனால் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத பேச்சு. எனக்குப் பிடித்துவிட்டது. வைகாசியில் நாள் பார்த்திருக்கிறார்கள்.

இனி எழுதப்போவதை நீ யாரிடமும் சொல்லிச் சிரிக்காதே.

டானிக் குடித்தேன். கீரையும் சாப்பிட்டேன். ராத்திரியில் தூக்கம் வரவில்லை, பகலில் தூக்கம் விடவில்லை. பகலில் படுக்க முடியுமா நம் வீட்டில்? உச்சி வெயிலில் ஒரு பெண்பிள்ளை படுத்தால் ஒன்று சீக்காளி, இல்லாவிட்டால் சோம்பேறி. அதனால் தீவன அறையில் மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது, அங்கே போய் ஒளிந்து தூங்க ஆரம்பித்தேன். அங்கே ஜன்னல் இல்லை. திருடி மாதிரி கதவைச் சாத்திவிட்டு, சாக்கைத் தலைக்கு வைத்துப் படுப்பேன். போன வெள்ளிக்கிழமை மூட்டை இறக்க வந்த ஆட்கள் கதவைத் திறந்துவிட்டார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு, முகமெல்லாம் தவிடு அப்பி, சேலை முழங்காலுக்கு ஏறிக் கிடந்திருக்கிறேன். ஒருவன் சிரித்த சத்தத்தில்தான் விழித்தேன். மாமியார் ஓடி வந்து சேலையை இழுத்து விட்டார். ஆட்களை வெளியே அனுப்பினார். பிறகுதான், "பட்டப் பகல்ல பொம்பள இப்பிடிக் கெடந்தா ஊரு என்னத்தப் பேசும்? உனக்கு என்ன கொற வெச்சோம் சாமி?" என்று கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே என்ன குறை என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் பாப்பா ஏதோ கேட்டாள் என்று கன்னத்தில் அறைந்துவிட்டேன். என் விரல் அப்படியே பதிந்துவிட்டது. அவளை நான் அடித்ததே இல்லை, வேலு. யாருடைய கையோ என் தோளில் ஒட்டிக்கொண்டு வந்து அடிக்கிறது போல இருந்தது.

நான் நன்றாகப் பிறந்து நன்றாக வளர்ந்தவள்தானே? இப்படி ஏன் ஆனேன் என்று வெட்கமாக இருக்கிறது. கல்யாணத்தன்று ஒழுங்காக இருப்பேன். கவலைப்படாதே.

உன் அக்கா,
சௌந்திரம்

•

ஹைதராபாத்
21-6-1984

அக்காவுக்கு,

நாங்கள் வந்து சேர்ந்தோம். ராசாத்தி வீட்டைச் சரி செய்துகொண்டிருக்கிறாள்.

நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதாமல் முடியவில்லை. பந்தல் நிறைய ஜனம். அருமைக்காரர் சீர் செய்துகொண்டிருக்கிறார். வாழ்த்துப் பாடுகிறார்கள். என் கையில் சேலை முனை திடீரென்று இழுபட்டது. திரும்பிப் பார்த்தால் நீ சாய்ந்துவிட்டாய். சீர்ப் பேழைக் கூடை உன் இடுப்பிலிருந்து நழுவி உருண்டது. குத்துவிளக்கு கவிழ்ந்தது. மயக்கம் என்று எல்லோரும் ஓடி வந்தார்கள். முகத்தில் தண்ணீர் தெளிக்கப் போன அய்யனுக்கு உன் குறட்டைச் சத்தம் கேட்டிருக்கிறது. எனக்கும் கேட்டது.

உடன்பிறந்தவனின் இணைச்சீரில் தூங்கினாள் என்று ஊர் பேசினால் நான் என்ன செய்வது? சம்பந்தி வீட்டார் கேட்டார்கள்: "என்னாச்சுங்க மாப்பிள்ளை?" எனக்கு அப்போது தோன்றியதைச் சொன்னேன். அக்காவுக்குச் சின்ன வயசிலிருந்தே வலிப்பு உண்டு என்றேன். நோய் என்றால் மன்னிப்பார்கள். தூக்கம் என்றால் மரியாதைக் குறைவு. என் மாமியார் உடனே இடுப்பில் இருந்த இரும்புச் சாவியை எடுத்து உன் கையில் திணித்தார். எல்லோரும் அடங்கினார்கள்.

அதை அப்படியே விட்டுவிடு. யாராவது கேட்டால் ஆமாம் என்று சொல். மாற்றிச் சொல்லி என் தலையைக் குனிய வைக்காதே. ஏற்கெனவே குனிந்தது போதும்.

வேலுமணி

•

ஆலாந்தோட்டம்
9-8-1984

தம்பி வேலுமணிக்கு,

கையில் சாவி எப்படி வந்தது என்று இத்தனை நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். உன் கடிதம் பார்த்துத்தான் தெரிந்தது.

நீ கோபித்ததில் தப்பில்லை. உனக்கு அம்மா ஸ்தானத்தில் நிற்க வந்தவள் உன் கல்யாணத்தில் குறட்டை விட்டேன். இதைவிட என்ன இருக்கிறது? என்னை நீ அங்கேயே இரண்டு அறை அறைந்திருந்தாலும் சரிதான் என்று இருந்திருப்பேன்.

எப்படி ஆயிற்று என்று மட்டும் சொல்கிறேன், சமாதானத்துக்கு அல்ல. முதல் நாள் ராத்திரிகூட ஷெட்டில்தான் இருந்தேன். புதுக் குஞ்சு இறங்கியிருந்தது, விட்டுவிட்டு வர ஆள் இல்லை. விடிகாலை வேனில் வந்து இறங்கினேன். பந்தலுக்குள் உன் பக்கத்தில் நின்றபோது தென்னங்கீற்று நிழல் கண்மேல் விழுந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக என் கண்மேல் அப்படி ஒரு நிழல் விழுந்ததில்லை, சாமி. இருட்டு தட்டினால் பதறி எழுகிற உடம்பு இது. அன்றைக்குப் பதறவில்லை. குஞ்சு பக்கத்தில் இல்லை, நீதான் இருந்தாய். தம்பி இருக்கிறான், ஒன்றும் ஆகாது என்று நினைத்தது மட்டும்தான் ஞாபகம். அதற்குப் பிறகு எல்லோருடைய முகமும் எனக்கு மேலே தெரிந்தது.

நீ சொன்னபடி ஆமாம் என்றுதான் சொல்லி வருகிறேன். ஆடி நோன்பில் பக்கத்துத் தோட்டத்துச் செல்லாயி என் பக்கத்தில் அருவாளை வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். கிணற்றடிக்குப் போனால், "தனியாப் போவாதீங்க, உழுந்துருவீங்க" என்று கூடவே ஒருத்தி வருகிறாள். மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உன்ற கலியாணத்துக்கு முந்தியே சொல்லியிருக்கலாமல்லொ" என்று மட்டும் கேட்டார். உன் மச்சான் ஒன்றும் கேட்கவில்லை. நாமக்கல்லில் டாக்டரிடம் கூட்டிப் போய் மாத்திரை வாங்கித் தந்தார். அதையும் விழுங்குகிறேன். விழுங்கினால் நாக்கு தடிக்கிறது. சில நேரம் நிஜமாகவே எனக்கு வலிப்பு இருக்கிறதோ, யாரும் எனக்குச் சொல்லவில்லையோ என்றுகூடத் தோன்றுகிறது.

பாப்பாதான் ஒரு நாள் கேட்டாள்: "எனக்கும் வருமாம்மா?" பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

உன் தலை குனிய வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன். ராசாத்தியிடம் நான் கேட்டதாகச் சொல்.

சௌந்திரம்

•

ஹைதராபாத்
18-2-1985

அன்புள்ள அக்கா,

எழுதி ரொம்ப நாளாகிவிட்டது. கோபமெல்லாம் இல்லை, வேலை. நல்ல செய்தி உனக்குத் தெரிந்திருக்கும், அய்யன் சொல்லியிருப்பார். ராசாத்திக்கு எட்டாம் மாதம்.

நடுவில் ரொம்பப் பயந்துவிட்டோம். இங்கே நாங்கள் எடுத்த வீடு ஒரு சினிமாத் தியேட்டருக்கு எதிரில். தியேட்டர் போர்டில் சிவப்பும் பச்சையும் மாறி மாறி எரியும், அது முடிந்தால் தெருவிளக்கு. எல்லாம் நேராக எங்கள் கட்டில் மேல். ராசாத்திக்கு ராத்திரியில் தூக்கமே இல்லை. பகலில் சுவரில் சாய்ந்தபடி தூங்குவாள். கையில் எடுத்த டம்ளர் நழுவும். காரணமில்லாமல் அழுவாள், எரிந்து விழுவாள். நான்கூட இவள் சுபாவமே இப்படித்தானோ என்று நினைத்தேன். லேடி டாக்டரிடம் போனோம். அந்த அம்மாள் நாடி பார்ப்பதற்கு முன்னால் கேட்ட கேள்வி, நீங்கள் எங்கே படுக்கிறீர்கள், முகத்தில் வெளிச்சம் விழுகிறதா என்றுதான். உடம்புக்கு இருட்டும் ஒரு சாப்பாடு, அது கிடைக்காவிட்டால் நல்ல மனுஷியும் நோயாளி மாதிரி ஆகிவிடுவாள் என்றார். கெட்டியான கறுப்புத் துணி வாங்கி ஜன்னலுக்குத் திரை போட்டேன். நம்ப மாட்டாய், கொஞ்ச நாளிலேயே பழைய ராசாத்தி திரும்பி வந்துவிட்டாள். என்னைக் கிண்டல்கூடச் செய்கிறாள்.

பங்குனியில், 24ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, நம் வீட்டில் கட்டுச்சோற்று விருந்து. சம்பந்தி வீட்டார் சோறு கட்டிக்கொண்டு வந்து அவளைப் பிரசவத்துக்குக் கூட்டிப் போகிறார்கள். நாங்கள் பத்து நாள் முன்னதாகவே ஊருக்கு வந்துவிடுவோம்.

அக்கா, இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நீ அன்றைக்கு வர வேண்டாம். ராசாத்தியின் பெரியம்மாமார் யாரோ, பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற இடத்தில் வலிப்புக்காரர் இருக்கக் கூடாது என்கிறார்களாம். என் மாமியார் வற்புறுத்தவில்லை, ஆனால் தட்டியும் சொல்லவில்லை. எனக்கும் எடுத்துச் சொல்ல வாய் வரவில்லை. நீ புரிந்துகொள்வாய். குழந்தை பிறந்ததும் முதலில் உனக்குத்தான் தந்தி.

அன்புடன்,
வேலு

•

ஆலாந்தோட்டம்
4-3-1985

தம்பி வேலுமணிக்கு அக்கா எழுதுவது.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் படித்தபோது, நான் பிறந்த வீட்டுக்கு என்னை வராதே என்கிறான் என்பது மட்டும்தான் தெரிந்தது. அடுத்த தரம் படித்தபோதுதான் திரை கண்ணில் பட்டது.

ராசாத்திக்குத் திரை போட்டது நல்ல காரியம். அவள் நன்றாக இருக்கட்டும். டம்ளர் நழுவியது, பகலில் சாய்ந்து தூங்கியது, காரணமில்லாத அழுகை. இதையெல்லாம் நீ எழுதும்போது உனக்கு யார் ஞாபகமும் வரவில்லையா? நான் உனக்கு இதே சங்கதியைத்தானே எழுதினேன்? எனக்கு டானிக்கும் கீரையும் எழுதினாய். பலகை அடிக்காதே என்றாய்.

உன் முதல் கடிதத்தையும் எடுத்துப் பார்த்தேன். வெளிச்சம் கோழியின் தலைக்குள் போய் உத்தரவு போடுகிறது, கோழிக்கு வேறு வழி கிடையாது என்று எழுதியிருந்தாய். எனக்கும் தலை இருக்கிறது, வேலு. கோழிக்கு என்ன ஆகும் என்று அவ்வளவு படித்த நீ, இரண்டு ஷெட்டுக்கும் நடுவில் படுக்கிறவளுக்கு என்ன ஆகும் என்று ஒரு வரி யோசிக்கவில்லை. நானும்தான் யோசிக்கவில்லை. என் கேடு என்றே இருந்துவிட்டேன்.

கடிதம் வந்த அன்றே ஷெட்டு அறையை விட்டு வந்துவிட்டேன். பெரிய வீட்டில் நெல் கொட்டி வைக்கிற உள்ளறையில் படுத்தேன். ஜன்னல் கிடையாது. படுத்தது தெரியும், எழுந்தது மறுநாள் வெயில் ஏறி. செத்துவிட்டேனா என்று மாமியார் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாராம். மாத்திரையை நிறுத்திவிட்டேன். நாமக்கல் டாக்டரிடமும் போய் நடந்தது நடந்தபடி சொன்னேன். "வலிப்புன்னு உங்களுக்கு யாரும்மா சொன்னது?" என்று கேட்டார். நான் உன் பெயரைச் சொல்லவில்லை.

ஷெட்டு அறையில் உன் மச்சான் படுத்தார். வாரம் முடிவதற்குள் லாரிக்காரரோடு சண்டை, பால்காரரோடு சண்டை; சட்டையைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார். இப்போது அவரே மேஸ்திரியைக் கூப்பிட்டு அந்த அறையை இடிக்கச் சொல்லிவிட்டார். முறை வைத்து ஆள் மாற்றி, முழித்திருந்து பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. உன்னைக் கேட்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

பாப்பாவுக்கு, உனக்கு வராது, எனக்கே இல்லை என்று சொல்லிவிட்டேன். ஆனால் என் பிள்ளைக்கு நான் சொன்னால் போதாது, ஊருக்கு யார் சொல்வது?

அய்யனிடம் ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நீ ஊருக்கு வந்ததும் தருவார். அதில் இருப்பது உன் மாமியார் அன்று என் கையில் திணித்த சாவி. அடுத்தவர் வீட்டுச் சாவியை இத்தனை நாள் வைத்திருந்ததே தப்பு. நீயே கொண்டுபோய்க் கொடுத்துவிடு. ஏன் திருப்பிக் கொடுக்கிறாள் என்று கேட்பார்கள். பதில் உனக்குத் தெரியும்.

24ஆம் தேதி நான் வரவில்லை.

சௌந்திரம்

•

திருச்செங்கோடு
17-3-1985

அக்காவுக்கு,

என்ன எழுதி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. உன் கடிதம் ஹைதராபாத்திலேயே கிடைத்துவிட்டது. ராசாத்தி படிக்கக் கேட்டாள். தரவில்லை. ரயிலில் வரும்போது சட்டைப் பையிலேயே இருந்தது.

அய்யன் பொட்டலத்தைக் கொடுத்தார். உள்ளே என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கொடுத்துவிட்டுக் காட்டு வேலைக்குப் போய்விட்டார்.

நேற்று மாமனார் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்கிறேன், சாவியை ஆணியில் மாட்டிவிட்டுச் சத்தமில்லாமல் வந்துவிடலாம் என்றுதான் போனேன். கையில் எடுத்ததுமே மாமியார் பார்த்துவிட்டார். "இது நம்ம பொட்டிச் சாவியாச்சே! ஏனுங் மாப்பிள்ளை, இனி உங்க அக்காளுக்கு இரும்பு வேண்டாமுங்களா? தேவலையாயிப் போச்சுங்களா?" என்றார். தேவலையாகிவிட்டது என்று சொல்லி முடித்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அப்படிச் சொன்னால் இன்னொரு பொய் உன் தலையில் ஏறும்.

சொல்லிவிட்டேன். அவளுக்கு வலிப்பு என்றுமே இருந்ததில்லை, அன்று தூங்கிவிட்டாள், தூங்க விடாமல் செய்தது நான் வரைந்த அறை, எனக்கு அவமானமாக இருந்ததால் நோய் என்று சொன்னேன் என்றேன். மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "அப்ப இனி நீங்க சொல்றதுல எதைங்க நம்பறது?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார். அந்த வார்த்தை என்னோடு ரொம்ப நாள் இருக்கும்.

மாமியார்தான், அக்கா. திட்டவில்லை. சாவியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "தூங்கிப்போட்டாங்கன்னு சொல்லியிருந்தீங்கன்னா, உள்ள ஒரு பாயப் போட்டுப் படுக்க வெச்சிருப்பனுங்களே" என்றார்.

அவ்வளவுதான். ஒரு பாய் போட்டிருப்பாராம். நீ அங்கே விழுந்து கிடந்தபோது எனக்கு அது தோன்றவே இல்லை. ஜனம் என்ன நினைக்கும் என்றுதான் தோன்றியது. நான் ராத்திரி இருமினால் எழுந்து உட்கார்ந்தவளுக்கு நான் ஒரு பாய் போடவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது பக்கத்தில் இருந்தவர் உடம்பு சரியில்லையா தம்பி என்று கேட்டார். ஆமாம் என்றேன். பார், அங்கேயும் அதையேதான் சொன்னேன்.

ராசாத்திக்கும் சொல்லியாகிவிட்டது. இத்தனை நாள் திரை போட்ட அறையில் படுத்திருந்தது கூச்சமாக இருக்கிறது என்றாள். அவள் நங்கையா நீ வராவிட்டால் கட்டுச்சோற்றில் கை வைக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள். பெரியம்மாமாரிடம் மாமியாரே பேசிவிட்டார். நாமக்கல் பக்கம் யார் யாரிடம் சொல்ல வேண்டுமோ, பாப்பாவின் பள்ளிக்கூடம்வரை, நான் வந்து சொல்கிறேன். ஆட்களுக்கு முன்னால் சொல்கிறேன்.

வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை. அது உன் வீடு.

வேலு

•

ஆலாந்தோட்டம்
20-3-1985

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நானும் பாப்பாவும் சனிக்கிழமை மத்தியான பஸ்ஸில் வருகிறோம். ராசாத்திக்கு வளையல் வாங்கிவிட்டேன். அவளைச் சாப்பிடச் சொல்.

உன்மேல் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறும்போது ஆறட்டும், அதற்கு அவசரம் இல்லை. பெரியம்மாமாரோடு உட்கார்ந்து பேசிச் சிரிக்கிற தெம்பும் இப்போது இல்லை. விருந்து முடிந்து சம்பந்தி வீட்டாரை அனுப்பியதும் அம்மா படுத்திருந்த அந்த உள்ளறையில் எனக்குப் பாய் போட்டு வை. பகலாக இருந்தாலும் படுத்துவிடுவேன். யாராவது கேட்டால், தூங்குகிறாள் என்று சொல்.

அக்கா,
சௌந்திரம்